தோளைத் தொட்டால் நிற்கும் கை

எங்கள் அம்மா சோறு போடும்போது “போதும்” என்று சொல்லிப் பயனில்லை. காது நன்றாகக் கேட்கும். அடுத்த வீட்டில் பால் பொங்கினால்கூட இங்கிருந்தே குரல் கொடுப்பார். ஆனால் போதும் என்ற சொல் மட்டும் காதில் நுழைந்து கை வரைக்கும் போய்ச் சேராது. தட்டின்மேல் கையை வைத்து மறைத்தால் விரலிடுக்கில் ரசம் இறங்கும். தட்டை இழுத்தால் கரண்டியும் கூடவே வரும். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவன் முதல் நாளே வயிற்றைக் காயப்போட்டுவிட்டு வரவேண்டும் என்று அப்பா கேலி செய்வார். அவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை வண்டி வண்டியாக ஏற்றிப் போகிற அந்த மனிதரே அம்மா வைக்கும் இரண்டாம் சோற்றைப் பார்த்து மலைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கையை நிறுத்த வழி கண்டுபிடித்தவள் என் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவளுக்கு அப்போது நாலு வயது இருக்கலாம். அப்பா “போதும் போதும்” என்று கெஞ்சிக்கொண்டிருக்க, அம்மா குனிந்து சோற்றை அள்ளிக்கொண்டிருந்தார். இவள் பின்னால் போய் நின்று அம்மாவின் இடது தோளில் ஒரு விரலை வைத்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. “என்னாடி?” என்று அம்மா திரும்பினார். சும்மா தொட்டுப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வயிறு நிறைந்ததும் அப்பா சின்னவளைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவள் எழுந்து போய் விரலை வைப்பாள். நான் வைத்தால் கை நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பலமுறை வைத்துப் பார்த்துத் தோற்றவள்.

வளர்ந்து நான் ஆசிரியை ஆனேன். கோலாலம்பூருக்குத் தெற்கே, சிரம்பானில் ஒரு பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். குடியிருப்பது பக்கத்தில், ராசாவில். அம்மாவும் தங்கையும் கோலா சாவா பக்கத்தில் அதே தோட்டத்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அம்மா உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகும் அந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்றார். தங்கை பக்கத்தில் ஒரு தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். மோட்டார் சைக்கிளில் போய்வருவாள்.

பாடத்தில் வருடா வருடம் ஒரு பகுதி வரும். செல் தன் வேலையைத் தானே எப்படி அளவோடு வைத்துக்கொள்கிறது என்பது. எனக்கு மிகப் பிடித்த பகுதி. செல்லுக்குள் ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வேலையை என்சைம்கள் செய்கின்றன. ஒரு பாக்டீரியா த்ரியோனின் என்ற பொருளிலிருந்து ஐசோலூசின் என்ற பொருளைச் செய்ய ஐந்து படி ஏறவேண்டும். படிக்கு ஒரு என்சைம். ஐசோலூசின் தேவையான அளவு சேர்ந்ததும் அதுவே திரும்பிப் போய், முதல் படியில் நிற்கும் என்சைமை நிறுத்திவிடும். எப்படி நிறுத்துகிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. வேலை நடக்கிற வாயைப் போய் அது அடைப்பதில்லை. அந்த என்சைமின் உடம்பில் வேறொரு இடத்தில், அதற்கென்றே ஒரு சின்னக் குழிவு உண்டு. அங்கே போய் உட்காரும். உட்கார்ந்ததும் என்சைமின் வடிவம் லேசாக மாறி, வாய் கோணிக்கொள்ளும். மூலப்பொருள் வந்தாலும் பிடிபடாது. சேர்ந்தது செலவாகிக் குறைந்தால் குழிவில் இருந்ததும் கழன்றுகொள்ளும், வேலை மறுபடி தொடங்கும். தோட்டத்தில்போல் வேலையை மேய்க்கும் மண்டோர் யாரும் நின்று விரட்ட வேண்டியதில்லை.

பலகையில் ஐந்து அம்புகளை வரிசையாக வரைந்து, கடைசியிலிருந்து முதலுக்கு ஒரு வளைந்த அம்பை இழுப்பேன். அல்லோஸ்டெரிக் தடை என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும். அப்போதுதான் அம்மாவின் தோளைச் சொல்வேன். சோறு போடுவது கை, விரல் பட்டது தோளில், ஆனால் நின்றது கை. ஒருமுறை பின் வரிசையில் இருந்து ஒரு பையன் கேட்டான்.

“டீச்சர், அப்டினா ஒங்க அம்மாதான் என்சைமா?”

“ஆமாலா. எங்க தங்கச்சி ஐசோலூசின்.”

இதை அவளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பிறகு போனில் கூப்பிட்டால் “ஐசோலூசின் பேசறேன்” என்றுதான் ஆரம்பிப்பாள்.

இனி தங்கையின் விரதத்தைச் சொல்லவேண்டும். சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்லாமல் இந்தக் கதையே இல்லை.

தங்கைக்கு ஆறு வயதில் அம்மை போட்டுப் பிழைப்பாளா என்று ஆகிவிட்டது. எழுந்தால் ஆடித் திருவிழாவுக்கு வருடா வருடம் பால்குடம் எடுப்பாள் என்று அம்மா தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். எழுந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து பால்குடம் எடுத்தாள். அதற்குப் பத்து நாள் விரதம். பகல் முழுக்கப் பட்டினி, பொழுது சாய்ந்து ஒரு வேளை சைவச் சோறு. எங்கள் தோட்டத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான் இருப்பார்கள்.

இருபத்து மூன்று வயதில், விரதத்தின் எட்டாம் நாள், முதல் வயிற்றுவலி வந்தது. சுருண்டு படுத்து முனகினாள். குடல்வால் என்று சொல்லி அறுத்து எடுத்தார்கள். அடுத்த ஆடியில் மறுபடியும் அதே வலி. எடுக்க இப்போது குடல்வால் இல்லை. ஸ்கேன் பார்த்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபிறகும் வலிக்கிறது என்றால் அம்மாவுக்கு ஒரே விளக்கம்தான் மிச்சம்.

“வெரதத்துல ஏதோ கொற வச்சிட்டோம்” என்றார்.

அடுத்த வருடம் பத்து நாள் இருபது நாளானது. வலி இன்னும் கூடியது. அதற்கடுத்து முப்பது நாள். பிறகு சாயங்காலச் சோறும் போய், கடைசி வாரம் பாலும் வாழைப்பழமும் மட்டும் என்று ஆனது. வலி வருவதால் விரதத்தைக் கூட்டினார்கள். விரதம் கூடியதால் வலி கூடியது. திருவிழா முடிந்ததும் அம்மா வழக்கம்போல் சோற்றை மலையாகக் குவித்து ஊட்டுவார். மூன்றாம் நாள் இவள் எழுந்து உட்கார்ந்து சிரிப்பாள். அம்மன் மனம் இரங்கிவிட்டாள் என்று அம்மா கற்பூரம் ஏற்றுவார். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அம்மாவை முட்டாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் அவர் முடிவு செய்தார்.

முட்டாள் நான். ஒரு ஆடி மாதம் தங்கை என்னிடம் கேட்டாள்.

“அக்கா, இவ்ளோ நாளு பட்டினி கெடந்தா ஒடம்புக்கு ஒன்னும் ஆவாதா?”

கைப்பேசியில் அப்போதுதான் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்திருந்தேன். “நல்லதுதான்லா. செல்லுக்கெல்லாம் ரெஸ்ட் கெடைக்கும். சயன்ஸே சொல்லுது” என்றேன். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் தலையாட்டினாள். அந்த ஆட்டிய தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

போன வருடம் ஆடியில், விரதத்தின் இருபத்தாறாம் நாள் காலை, அம்மா போன் செய்தார். நான் வகுப்பை விட்டுவிட்டு ரந்தாவ் சாலையில் காரை விரட்டிக்கொண்டு போனேன். தங்கை தரையில் காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள். அம்மா அவள் வயிற்றில் விபூதி தடவிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய நாள் தடிகாவில் வண்ணக்குச்சி டப்பாவைத் தூக்க முடியாமல் கீழே போட்டாளாம். எழுப்பி உட்காரவைக்க அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினேன். கைகள் என்னோடு வரவில்லை. அவை அவளுடையவை இல்லை என்பதுபோல் தொங்கின.

சிரம்பானில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீர் எடுத்து ஒரு சின்னப் புட்டியில் ஊற்றி, தாதி அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நல்ல வெயில். வைக்கும்போது அது டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சிவந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கறுஞ்சிவப்பு. ரத்தம் என்று நினைத்துத் தங்கையிடம் கேட்டேன்.

“ஆடியில எப்பயும் அப்டித்தாங்க்கா” என்றாள், கண்ணை மூடியபடியே. “சூடுன்னு அம்மா சொன்னாங்க. எளநீ குடுப்பாங்க.”

பதினோரு வருடம் அது அப்படி இருந்திருக்கிறது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வார்டு டாக்டர் இளம் வயது மலாய்ப் பெண். புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவசரப்படாமல் கட்டிலுக்கு வந்து குனிந்து, “புவாசா கெ?” என்று கேட்டார். விரதமா என்று. நோன்பு மாதத்தை வருடம்தோறும் பார்க்கிறவருக்கு அந்தக் கேள்வி இயல்பாக வந்திருக்கிறது. தங்கை தலையசைத்தாள். எத்தனை நாள் என்று கேட்டதற்குப் பதில் சொன்னது அம்மா. தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தக் கடைத்தெரு மலாயில், இருபத்தாறு நாள், சுத்தமாக இருக்கிறாள், இந்த வாரம் பாலும் பழமும் தவிர வாயில் ஒன்றும் படவில்லை என்று சொன்னார். பெருமையாகச் சொன்னார். மகளின் நற்சாட்சிப் பத்திரத்தை எடுத்து நீட்டுகிற குரல். டாக்டர் அம்மாவின் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார்.

இன்னொரு புட்டி சிறுநீரை, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி, கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். போர்ஃபிரியா என்று அந்த நோய்க்குப் பெயர் என்று டாக்டர் சொன்னார். நான் உயிரியல் ஆசிரியை என்று தெரிந்ததும், ஒரு அட்டையைத் திருப்பிப் பேனாவால் வரைந்து காட்டினார். வரிசையாக எட்டு அம்புகள். கடைசியிலிருந்து முதலுக்கு ஒரு வளைந்த அம்பு.

மூன்று வாரம் முன்னால் நான் பலகையில் இழுத்த அதே வளைவு. அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். டாக்டர் பேசிக்கொண்டிருந்தார், எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

விஷயம் இதுதான். ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற ஹீம் என்ற பொருளைக் கல்லீரலும் தன் தேவைக்குச் செய்துகொள்கிறது. எட்டுப் படி. போதுமான ஹீம் சேர்ந்ததும் அது திரும்பி வந்து முதல் படியை அடக்கும். பாடத்தில் வரும் ஐசோலூசின்போல் தோளில் விரல் வைப்பதோடு ஹீம் நின்றுவிடுவதில்லை. முதல் படி என்சைம் புதிதாகச் செய்யப்படுவதையே அது குறைக்கும். செய்ததையும் வேலையிடத்துக்குள் எளிதில் விடாது. இரண்டையும் ஒன்றென்று பரீட்சையில் எழுதினால் நானே மார்க்கைக் குறைப்பேன். ஆனால் கடைசியில் வந்தது போய் முதலில் நிற்பதை நிறுத்துகிறது என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான்.

என் தங்கைக்கு மூன்றாம் படியில் நிற்கும் என்சைம் பிறப்பிலேயே பாதிதான். சாதாரண நாளில் பாதியே போதும், ஒன்றும் தெரியாது. பட்டினி கிடந்தால் கல்லீரல் முதல் படியை முடுக்கிவிடும். மேலிருந்து வேகமாக இறங்குகிறது, மூன்றாம் படியில் வழி குறுகல். நடுவில் சரக்கு தேங்குகிறது. கடைசியில் போதுமான ஹீம் வராததால் போதும் என்று சொல்ல ஆளில்லை. முதல் படி இன்னும் அள்ளிக் கொட்டுகிறது. தேங்கியது நரம்பைத் தாக்குகிறது. வயிறு வலிப்பதும் கை தொங்குவதும் அதனால்தான். தேங்கியது சிறுநீரில் வெளியேறி வெளிச்சம் பட்டால் சிவக்கிறது. சோறும் சர்க்கரையும் உள்ளே போனால் முதல் படி அடங்கும். திருவிழா முடிந்து அம்மா குவித்துப்போட்ட சோறுதான் வருடா வருடம் அவளை எழுப்பி உட்காரவைத்திருக்கிறது. கற்பூரத்தைச் சோற்றுப் பானைக்குக் காட்டியிருக்கவேண்டும்.

இந்தமுறை குளுக்கோஸ் மட்டும் போதவில்லை. பலவீனம் கையிலிருந்து தோளுக்கு ஏறியது, காலுக்கும் இறங்கியது. மூச்சுத் தசையும் தளர்ந்தால் இயந்திரம் வைக்கவேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஹீமையே மருந்தாக ரத்தக்குழாயில் ஏற்றலாம், ஆனால் அது கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும், இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருந்து கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தது. நாலு நாள், தினம் ஒருமுறை ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலை அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, ஓசையே வராத குரலில், “ஐசோலூசின் பேசறேன்” என்றாள். நான் வார்டு என்றும் பார்க்காமல் அழுதேன்.

அன்று மத்தியானம் வார்டுக்கு வெளியே நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் அடுக்குப் பாத்திரம். சோறு கொண்டுவந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நான் பட்டினி போட்டதுனாலதான?” என்று கேட்டார்.

“அது பொறப்புலயே இருந்திருக்கும்மா.”

“அத நான் கேக்கல.”

தயாராக வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. “ஆமாம்மா. நானும் நல்லதுன்னு சொன்னேன். படிச்ச நானே சொன்னேன்” என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரத்தின் மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

எனக்கும் அம்மாவுக்கும் சோதித்ததில் அந்தக் குறை இல்லை என்று வந்தது. அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். அவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. கேட்க வழியில்லை.

தங்கை வீட்டுக்கு வந்தாள். காலும் இடது கையும் இரண்டு மாதத்தில் தேறின. வலது கை தேறவில்லை. மணிக்கட்டு தொங்கியது, விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. நரம்பு மெல்லத்தான் வரும், வராமலும் போகலாம் என்றார்கள். தினமும் பயிற்சி. சப்பாத்தி மாவைப் பிசைவாள், பட்டாணியைப் பொறுக்குவாள். கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றித் தூக்கவேண்டும். தூக்குவாள், விழும். தூக்குவாள், விழும். ஒவ்வொரு முறை டம்ளர் தரையில் விழும் சத்தத்துக்கும் அடுப்படியில் அம்மாவின் உடம்பு ஒருமுறை குலுங்கும். எட்டிப்பார்க்க மாட்டார். டம்ளர் முழுக்க நெளிந்துபோனது. வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். “இதுதான் விழுந்துச்சி, இதத்தான் தூக்கணும்” என்றாள் தங்கை.

அவளுக்கு வேளை தவறாமல் சாப்பாடு போனது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊட்டினார். ஆனால் தான் சாப்பிடுவதை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. இந்த வருடம் ஆடி பிறந்ததும் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மகளுக்குப் பதிலாகத் தான் விரதம், திருவிழா முடியும்வரை முப்பது நாள், ஒரு வேளை கூழ்த்தண்ணீர் மட்டும் என்றார். வயது அறுபத்தெட்டு. சர்க்கரைக்கு மாத்திரை வேறு சாப்பிடுகிறவர்.

நான் என் முழுப் படிப்பையும் கொண்டுபோய்க் கொட்டினேன். மாத்திரை போட்டுப் பட்டினி கிடந்தால் மயங்கி விழுவாய் என்றேன். டாக்டரிடம் போனில் பேசவைத்தேன். திட்டினேன், அழுதேன்.

“போதும்மா. போதும்னு சொல்றேன்ல.”

“நீ பேசாத. எம் புள்ளய நான் பட்டினி போட்டேன். இப்ப நான் கெடக்கறேன். ஆத்தாளுக்கும் எனக்கும் உள்ளது.”

பத்தாம் நாள் துணி காயப்போடும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பதினைந்தாம் நாள் கோவில் வாசலில் மறுபடியும். ஒரு தடவை தங்கையை இழக்க இருந்தோம், இப்போது அம்மாவையும் அதே வழியில் இழக்கப்போகிறோம் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தங்கையிடம் போய், நீயும் ஏதாவது சொல்லேன் என்று கத்தினேன். அவள் பட்டாணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, நீ வாயிலயே போய் அடைக்கிற. அங்க நிக்காதுலா” என்றாள். பிறகு மறுபடி பட்டாணிக்குக் குனிந்துகொண்டாள்.

கூழ் ஊற்றும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் எல்லாம் சிரம்பானிலிருந்தும் தம்பினிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆடிக் கடைசியில் எடுக்கும் பால்குடத்தைத் தங்கை இந்த வருடம் எடுக்கப்போவதில்லை. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒரு சின்னச் செம்பில் பால் கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்தாள். அம்மன் அதை வாங்கிக்கொண்டாள். குறை ஒன்றும் தெரியவில்லை.

படையல் முடிந்து கூழ் அண்டாவைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் தோட்டத்தில் கூழ் ஊற்றுவது எப்போதும் அம்மாதான். அந்தக் கைக்கு அதற்கென்றே பேர். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. இருபத்தோரு நாள் விரதத்தோடு அம்மா கரண்டியைப் பிடித்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கோப்பையை நீட்டியவர்கள் போதும் என்றார்கள், அவர் ஊற்றினார். நான் பக்கத்தில் நின்று வெங்காயமும் மோர்மிளகாயும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கால் நடுங்குவதைப் பார்த்தேன். உட்காரம்மா என்றேன். காதில் விழுந்தது, கைக்குப் போகவில்லை.

கூட்டத்துக்குப் பின்பக்கமாகத் தங்கை வந்தாள். மெதுவாக நடந்து வந்தாள். அம்மாவின் பின்னால் நின்று, இடது கையின் ஒரு விரலை அவர் இடது தோளில் வைத்தாள்.

கரண்டி நின்றது. கூழ் அதன் விளிம்பில் சொட்டியது. வரிசையில் நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள்.

அம்மா திரும்பினார். தங்கையின் வலது கையில் அந்த நெளிந்த டம்ளர் இருந்தது. படையல் கூழில் முக்கால் டம்ளர். ஐந்து விரலும் அதைச் சுற்றிப் பிடித்திருந்தன. கை ஆடியது. டம்ளர் ஆடியது. கூழ் விளிம்பு வரைக்கும் வந்து வந்து திரும்பியது. சிந்தவில்லை. அம்மா அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கை வலிக்குதும்மா” என்றாள் தங்கை. “சீக்கிரம் குடி.”

அம்மா கரண்டியை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். டம்ளரைத் தன் கையில் வாங்காமல் அப்படியே குனிந்து வாயை வைத்தார். தங்கை ஊட்டினாள். அம்மன் சந்நிதிக்கு நேர் எதிரே, தோட்டம் முழுக்கப் பார்த்திருக்க, விரதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்க, அம்மா குடித்தார். கண்ணீர் கூழில் விழுந்தது. அதையும் குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, டம்ளரைப் பிடித்தபடி இருந்த மகளின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார்.

தங்கை என்னிடம் டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

“போதும்டி” என்றார் அம்மா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. டம்ளரின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

தங்கை என் கையிலிருந்த கரண்டியை இடது கையால் பிடுங்கி, அம்மாவின் விரலிடுக்கில் ஊற்றினாள்.